புழுவின் நரம்பும் நம் நரம்பும்

(பண்ணை வானொலிப் பேச்சு)



திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் புஞ்சையில் பருத்தி போட்டவர்கள் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். மருந்து விழுந்த கொஞ்ச நேரத்தில் காய்ப்புழு தலையை அங்குமிங்கும் ஆட்டும். உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். செடியை விட்டு நழுவிக் கீழே விழும். துடிதுடித்து அடங்கும். எடுத்துப் பார்த்தால் தோல் வெந்திருக்காது, வயிறு வெடித்திருக்காது. அப்படியானால் மருந்து எங்கே போய் அடித்தது? நரம்பிலே போய் அடித்தது.

வேகாத வெயிலில், மேலுக்குச் சட்டை இல்லாமல், மருந்து டின்னை முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "கண்ணு மங்குது, வாயில எச்சி ஊறிக்கிட்டே இருக்கு, தலை கிறுகிறுங்குது" என்று திண்ணையில் சாய்கிறார் என்றால், அவர் உடம்பில் நடந்ததும் அதேதான்.

"காய்ப்புழு எங்கே, மனுசன் எங்கே? அதுக்கு வச்ச விஷம் நமக்கு எப்படி ஏறும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், உயிர்ப்பிராணிகளுக்கு நரம்பு எப்படி அமைந்திருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று அதைத்தான் பேசப் போகிறோம்.

நரம்பு என்பது எது?

புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிகிறதே, அதை நாம் நரம்பு என்போம். அது நரம்பு அல்ல. ரத்தம் ஓடுகிற குழாய். கறியில் இழுத்தால் வராமல் ஜவ்வாக நிற்பதையும் நரம்பு என்போம். அதுவும் அல்ல, அது தசையை எலும்போடு கட்டுகிற நார். உண்மையான நரம்பு வெள்ளை நூல் மாதிரி இருக்கும். ஆடு உரிக்கும்போது முதுகெலும்பின் ஓட்டைக்குள்ளே வெள்ளையாக, மெத்தென்று ஒரு கொடி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் தண்டுவடம். மேலே மூளையில் போய்ச் சேர்கிற அந்தக் கொடியிலிருந்து பிரிந்து, கால் குளம்பு வரைக்கும் போகிற வெள்ளை நூல்கள்தான் நரம்புகள்.

ஒவ்வொரு நூலும் தனித்தனி இழைகள் சேர்ந்த கட்டு. இழை ஒவ்வொன்றும் ஒரு நரம்பணுவின் நீண்ட வால். இந்த அணுக்கள் செய்கிற வேலை ஒன்றே ஒன்று: ஓரிடத்துச் செய்தியை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது. முள் குத்தியது, சூடு பட்டது என்று சேதி வரும். காலைத் தூக்கு, கையை எடு என்று உத்தரவு போகும். அவ்வளவுதான் நரம்பின் தொழில்.

கண்மாயில் ஒரு வலை

இனி எளிய பிராணியிலிருந்து படிப்படியாக மேலே ஏறுவோம்.

கண்மாயிலும் ஊருணியிலும் தண்ணீர் தெளிந்து நிற்கும் காலத்தில், பாசித் தண்டைப் பிடுங்கிக் கண்ணாடி டம்ளரில் போட்டு உற்றுப் பார்த்தால், அரை அங்குலத்துக்கும் குறைவாக ஒரு சின்ன உயிர் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சில சமயம் காணலாம். நூல் துண்டு போல உடம்பு. நுனியில் நாலைந்து விரல்கள். இதற்கு ஹைட்ரா என்று பெயர். அதற்குத் தலையில்லை, மூளையில்லை. சில ஆயிரம் நரம்பணுக்கள் மட்டும் உடம்பு முழுவதும் மீன்வலை போலப் பின்னிக் கிடக்கின்றன. எந்த இடத்தில் தொட்டாலும் சேதி வலையில் நாலாபக்கமும் பரவும்; உடம்பு மொத்தமும் சுருங்கும். இங்கே தொட்டால் இந்தப் பக்கம் மட்டும் விலகு என்கிற நுணுக்கம் அதற்கு அவ்வளவாகக் கிடையாது.

தலைமை இல்லாத ஊர் அது. தலைமை இல்லாததில் ஒரு லாபமும் உண்டு. இரண்டாக வெட்டினால் இரண்டு துண்டும் பிழைத்து இரண்டு ஹைட்ரா ஆகிவிடும். நம்மால் முடியுமா?

மண்புழுவின் முடிச்சுச் சங்கிலி

அடுத்த படி மண்புழு. மழை பெய்து கரிசல் இளகினால் மேலே வருகிற நம் பழைய நண்பன். இதன் உடம்பு வளையம் வளையமாக இருக்கிறது அல்லவா? வயிற்றுப் பக்கமாக நீளத்துக்கு ஒரு நரம்புக் கயிறு ஓடுகிறது. அந்தக் கயிற்றில் வளையத்துக்கு ஒன்றாக நரம்பு முடிச்சு. நூலில் மணி கோத்த மாதிரி. தலைப்பக்கத்தில் கொஞ்சம் பெரிய முடிச்சு ஒன்று. அதைத்தான் அதன் மூளை என்று சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு முடிச்சும் தன் வளையத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது. பக்கத்து முடிச்சுக்கும் சேதி அனுப்புகிறது. வார்டுக்கு ஒரு மெம்பர், மேலே ஒரு தலைவர் என்று பஞ்சாயத்து நடக்கிற மாதிரி. அதனால்தான் மண்புழு வளையம் வளையமாகச் சுருங்கி விரிந்து, அலை போல நகர்கிறது. ஆபத்து என்றால் மட்டும் தலையிலிருந்து வால் வரைக்கும் ஓடுகிற தடித்த இழைகள் ஒரே நொடியில் சேதி சொல்லும். கொக்கு மூக்கை நீட்டியதும் வளைக்குள் விசுக்கென்று இழுத்துக்கொள்கிறதே, அந்த வேகம் அதனால் வருவது.

மண்ணிலே இன்னும் சின்னப் புழு ஒன்று இருக்கிறது. நீளம் ஒரு மில்லிமீட்டர்தான். அதன் உடம்பில் மொத்தமே 302 நரம்பணுக்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் சிட்னி பிரென்னர் குழுவினர் பல வருஷம் உட்கார்ந்து, எந்த அணு எந்த அணுவோடு சேர்ந்திருக்கிறது என்று முழுக்கக் கண்டுபிடித்து 1986-இல் வெளியிட்டார்கள். ஒரு பிராணியின் நரம்புக் கட்டு முழுவதற்கும் வரைபடம் போட்டது அதுவே முதல் தடவை.

பூச்சிக்கு எத்தனை மூளை?

பூச்சி வகையும் மண்புழுவின் பங்காளிதான். வயிற்றுப் பக்கக் கயிறு, முடிச்சு எல்லாம் அதே அமைப்பு. ஆனால் முடிச்சுகள் பல ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகியிருக்கின்றன. தலையில் மூளை, நெஞ்சில் காலையும் இறகையும் ஆட்டுகிற முடிச்சுகள். அதனால் தலை போனாலும் நெஞ்சு முடிச்சு சும்மா இருப்பதில்லை. தலை போன கரப்பான்பூச்சி பல நாள் உயிரோடு கிடக்கும், தட்டினால் காலை உதறும். மூச்சுக்கும் அதற்குத் தலை தேவையில்லை; உடம்பின் பக்கவாட்டில் உள்ள ஓட்டைகள் வழியாகவே காற்று போய்வருகிறது.

சின்ன மூளை என்று இளப்பமாக நினைக்க வேண்டாம். தேனீயின் மூளையில் ஏறக்குறைய 10 லட்சம் நரம்பணுக்கள் உண்டு. அதை வைத்துக்கொண்டு அது பூவின் நிறத்தையும் வாசனையையும் ஞாபகம் வைக்கிறது. தேன் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று கூட்டுக்குத் திரும்பி வந்து ஆடிக் காட்டுகிறது. அழுகிய பழத்தில் மொய்க்கிற பழ ஈயின் மூளையில் சுமார் 1,39,000 அணுக்கள். அதன் முழு வரைபடம் 2024 அக்டோபரில் வெளிவந்தது.

முதுகெலும்புக்காரர்கள்

மீன், தவளை, கோழி, ஆடு, மாடு, மனிதன் எல்லாரும் ஒரு கூட்டம். இங்கே நரம்புக் கயிறு வயிற்றுப் பக்கத்தை விட்டு முதுகுப் பக்கம் வந்துவிட்டது. எலும்புக்குள் பத்திரமாக இருக்கிறது. மேல்முனை பெருத்து மூளை ஆகியிருக்கிறது. மனிதனுடைய மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். தாயின் வயிற்றில் இருக்கும்போது அந்த மூளை எப்படி உருவாகிறது என்பதைச் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 5,132 மெல்லிய சீவல்களின் படமாக 2024 டிசம்பரில் வெளியிட்டது. நம் நாட்டு ஆட்கள் நம் ஊரிலேயே செய்த வேலை.

ஆனாலும் பழைய மண்புழு வழக்கம் நம்மிடமும் மிச்சம் இருக்கிறது. வெறுங்காலில் கருவேல முள் ஏறினால், "ஐயோ" என்று சொல்வதற்கு முன்னாலேயே கால் மேலே வந்துவிடுகிறது. அந்த உத்தரவை மூளை போடவில்லை. சேதி தண்டுவடத்துக்கு வந்தவுடன் அங்கேயே உத்தரவாகித் திரும்பிவிட்டது. மூளைக்குத் தகவல் அப்புறம்தான் போகிறது. கழுத்தறுத்த கோழி முற்றத்தில் ஓடுகிறதும் இதனால்தான்.

ஆனால் மூச்சு விஷயம் வேறு. ஆடு, மாடு, மனிதன் மூச்சு விடுவதற்கு மூளையின் அடிப்பாகத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் உத்தரவு வந்தாக வேண்டும். அந்த உத்தரவு நெஞ்சுத் தசைக்குப் போய்ச் சேராவிட்டால் சில நிமிஷத்தில் உயிர் போய்விடும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகிற மருந்து விஷம், பாம்பு விஷம் இரண்டும் ஆளைக் கொல்வது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

சேதி போகிற விதம்

ஹைட்ராவிலிருந்து மனிதன் வரைக்கும் அமைப்பு எத்தனையோ மாறிவிட்டது. ஆனால் ஓர் இழையில் சேதி போகிற முறை மாறவே இல்லை. இதுதான் இன்றைய பேச்சின் சாரம்.

நரம்பிழைக்கு உள்ளேயும் வெளியேயும் உப்பு கரைந்த நீர் இருக்கிறது. இழையின் தோலில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன கதவுகள். சேதி வரும்போது ஒரு கதவு திறக்கும். வெளியில் இருக்கிற உப்பின் மின்துகள் உள்ளே பாயும். அது அடுத்த கதவைத் திறக்கும். அது அதற்கடுத்ததை. இப்படித் திறந்து மூடி, திறந்து மூடி மின் துடிப்பு ஓடுகிறது. கம்பியில் கரண்டு போகிற வேகம் இதற்கு இல்லை. தடித்த நரம்பில் நொடிக்கு 100 மீட்டர் வரை போகும். வலியைச் சொல்கிற மெல்லிய இழைகளில் நொடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். கால் பெருவிரல் கல்லில் இடித்தால், இடித்தது முதலில் தெரிகிறது, வலி கொஞ்சம் தாமதித்து ஏறுகிறது. இரண்டும் வேறு வேறு இழையில் வருகின்றன.

சரி, ஓர் இழை முடிந்து அடுத்த அணு தொடங்குகிற இடத்தில் என்ன நடக்கிறது? அங்கே மயிரிழையைவிடப் பல மடங்கு சின்னதாக ஓர் இடைவெளி இருக்கிறது. மின் துடிப்பு தாண்ட முடியாது. ஆகவே இழையின் நுனி ஒரு சாற்றைச் சுரக்கிறது. அந்தச் சாறு இடைவெளியைக் கடந்து அந்தப் பக்கம் போய்ச் சேதி சொல்கிறது. ஆஸ்திரியா நாட்டில் ஆட்டோ லோவி என்ற அறிஞர் இதை 1921-இல் தவளையின் இதயத்தை வைத்துக் காட்டினார். ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டினார், துடிப்பு மெதுவானது. அந்த இதயத்தைச் சுற்றியிருந்த நீரை எடுத்து இன்னொரு தவளையின் இதயத்தில் விட்டார். எந்த நரம்பையும் தொடாமலே அதுவும் மெதுவானது. நீரிலே ஏதோ சாறு இருந்தது என்று தெளிவாயிற்று. 1936-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சாற்றுக்குப் பெயர் அசிட்டைல் கோலின். நாம் தூதுச் சாறு என்று வைத்துக்கொள்வோம்.

இங்கே கண்மாய் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடையைத் திறந்தால் தண்ணீர் வயலுக்குப் போகும். வேண்டிய தண்ணீர் பாய்ந்ததும் நீர்ப்பாய்ச்சி வந்து மடையை அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் வயல் மூழ்கிப் பயிர் அழுகும். நரம்பிலும் அப்படி ஒரு நீர்ப்பாய்ச்சி இருக்கிறது. தூதுச் சாறு சேதி சொல்லி முடித்த உடனே அதை உடைத்துத் துடைத்துவிடுகிற நொதி அது. ஒரு நொடியில் சிறு பங்குக்குள் வேலை முடிந்துவிடும். அதனால்தான் நாம் கையை மடக்கினால் மடங்கவும், விட்டால் விரியவும் முடிகிறது.

பூச்சிமருந்து செய்கிற வேலை

பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சிமருந்துகள் உண்டு. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் என்று 'பாஸ்' என முடிகிற பெயர்கள் பெரும்பாலும் அந்த ஜாதி. இவை உடம்புக்குள் போய் நேரே அந்த நீர்ப்பாய்ச்சியின் கையைக் கட்டிவிடுகின்றன. தூதுச் சாறு தேங்குகிறது. மடை அடைபடவே இல்லை. சேதி நிற்காமல் ஓடுகிறது. காய்ப்புழு வெட்டி வெட்டித் துடிப்பது அதனால்தான்.

காய்ப்புழுவுக்குத் தூதுச் சாறு அதன் நரம்பு முடிச்சுகளுக்குள்ளே வேலை செய்கிறது. நமக்கோ கையும் காலும் அசைவதற்கு, எச்சில், வியர்வை ஊறுவதற்கு, குடல் புரள்வதற்கு, இதயம் நிதானப்படுவதற்கு என்று எல்லா இடத்திலும் அதே சாறு. அதே நொதி. மருந்துக்கு இது புழு, இது மனுசன் என்று அடையாளம் தெரியாது. உடம்பின் எடைக்குத் தக்க அளவு போனால் போதும்.

இந்த வகை மருந்துகள் வந்த கதையே இதைச் சொல்லும். ஜெர்மனியில் 1936-இல் கெர்ஹார்டு ஷ்ராடர் என்ற ரசாயன நிபுணர் பூச்சியைக் கொல்ல மருந்து தேடிக்கொண்டிருந்தார். அவர் கையில் கிடைத்தது டாபுன் என்னும் கொடிய போர் விஷம். பூச்சிமருந்தும் போர் விஷமும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

நம் நாட்டிலும் அனுபவம் உண்டு. 1958-இல் கேரளத்துக்குக் கப்பலில் வந்த உணவுப் பொருளில் பாரத்தியான் மருந்து ஒழுகிக் கலந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகுதான் 1968-இல் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். 2017-இல் மகாராஷ்டிரத்து யவத்மால் மாவட்டத்தில் ஆள் உயரப் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சுமார் 20 பேர் இறந்தார்கள். அதே வருஷம் நம் பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் இறந்தார்கள். இவர்கள் யாரும் மருந்தைக் குடித்தவர்கள் அல்ல. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் போனதுதான்.

எப்படித் தெரிந்துகொள்வது?

மடை அடைபடாவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தால் அடையாளமெல்லாம் தானாகவே விளங்கும். எச்சில் ஊறும். கண்ணில் நீர் வழியும். வியர்த்துக் கொட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, தன்னறியாமல் சிறுநீர். கண்மணி குண்டூசித் தலை போலச் சுருங்கி, பார்வை மங்கும். நெஞ்சில் சளி கட்டி இழுக்கும். தசைகள் துடிக்கும். கடைசியில் துடித்துத் துடித்து ஓய்ந்து, மூச்சுத் தசை நின்றுவிடும். மருந்தடித்த புல்லையோ பருத்தித் தழையையோ மேய்ந்த ஆட்டுக்கும் மாட்டுக்கும் அடையாளம் இதேதான். வாயில் நுரை தள்ளி, கால் நடுங்கினால் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

ஆளுக்கு இப்படி வந்தால் "வெயில் ஏறிருச்சு, மோரைக் குடிச்சுப் படு" என்று சொல்லிவிடாதீர்கள். நிழலுக்குக் கொண்டு வந்து, மருந்து பட்ட துணியைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு உடம்பு, தலைமயிர், நகக்கண் எல்லாம் கழுவுங்கள். கழுவுகிறவர் கையில் உறை இருக்கட்டும். வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்தில் கலந்துள்ள எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். 108 வண்டியைக் கூப்பிடுங்கள். மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். பெயரைப் பார்த்தவுடன் டாக்டருக்கு வழி தெரியும். தேங்கிய தூதுச் சாறு சேதி சொல்லாதபடி தடுக்கிற அட்ரோபின் ஊசி இருக்கிறது. நேரத்தோடு போனால் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். ஊமத்தையிலும் அந்தச் சத்து உண்டு என்று யாராவது சொன்னால் அரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அளவு தெரியாமல் கொடுத்தால் அதுவே விஷம்.

வருமுன் காப்பது இதைவிட எளிது. டப்பாவின் முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு கொடிய விஷம்; மஞ்சள் அடுத்தது; பிறகு நீலம்; பச்சை குறைந்தது. இரண்டு மூன்று மருந்தைச் சொந்தமாகக் கலக்காதீர்கள். முழுக்கைச் சட்டை, கையுறை, மூக்குக்குத் துணி, காற்றுக்கு முதுகு காட்டி அடிப்பது, அடித்த கையோடு பீடி பற்றவைக்காமல் இருப்பது, காலி டப்பாவில் எண்ணெய் வாங்காமல் இருப்பது, இவ்வளவும் நரம்பைக் காக்கிற வேலி.

எல்லா மருந்தும் இந்த வழியில் அடிப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'திரின்' என்று முடிகிற சைபர்மெத்திரின் போன்றவை நரம்பிழையின் கதவை மூட விடாமல் செய்கின்றன. இமிடாகுளோபிரிட் தூதுச் சாறு மாதிரியே வேஷம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. அது பூச்சி நரம்பில் அதிகம் ஒட்டும் என்பதால் நமக்கு ஆபத்து குறைவு, தேனீக்கு ஆபத்து அதிகம். பிடி பருத்தியில் உள்ள சத்து நரம்பைத் தொடுவதில்லை, புழுவின் குடலை அரிக்கிறது. வேப்பங்கொட்டைச் சாறு புழுவைத் தின்ன விடாமலும் தோலுரிக்க விடாமலும் செய்கிறது. 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டர் நீராக்கி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்கலாம். புழு சின்னதாக இருக்கும்போதே அடித்தால் நன்றாகக் கேட்கும்.

ஆட்டுக்குக் குடற்புழு மருந்து ஊற்றுகிறோமே, அதிலும் இதே கணக்குதான். லெவாமிசோல் என்கிற மருந்து தூதுச் சாறு மாதிரி நடித்துப் புழுவின் தசையை விறைக்க வைக்கிறது. பிடிமானம் விட்டுப் புழு சாணத்தோடு வெளியே வந்துவிடுகிறது. ஆனால் அளவு மீறினால் ஆட்டுக்கே எச்சில் வடியும், நடுக்கம் வரும். குட்டிக்கும் கிடாவுக்கும் ஒரே அளவு ஊற்றாதீர்கள். எடை பார்த்து ஊற்றுங்கள்.

கட்டுவிரியன் கடித்தால்

பாம்பு விஷத்தில் நரம்பைத் தாக்குகிற வகையும் அதே இடைவெளியில்தான் கை வைக்கிறது. மருந்து மடையை அடைக்க விடாது என்றால், இந்த விஷம் மடையைத் திறக்கவே விடாது. நல்லபாம்பின் விஷம் தசையின் பக்கம் உட்கார்ந்து தூதுச் சாற்றை அண்ட விடாது. கட்டுவிரியனின் விஷம் சாறு சுரக்கிற நரம்பு நுனியையே அழித்துவிடும். முதலில் கண்ணிமை தொங்கும். பேச்சு குழறும். எச்சில் விழுங்க முடியாது. அப்புறம் மூச்சு.

கட்டுவிரியன் ராத்திரியில் வரும். களத்திலும் வீட்டிலும் தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்தில் கடிக்கும். வலி அதிகம் இருக்காது. பல் தடமும் சில சமயம் தெரியாது. விடியற்காலையில் ஒருவர் வயிறு வலிக்கிறது என்று எழுந்து, இமை தொங்கினால், கடிவாய் தேடிக்கொண்டிருக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு ஊசி ரத்தத்தில் ஓடுகிற விஷத்தைப் பிடிக்கும். அழிந்துபோன நரம்பு நுனியைத் திருப்பித் தராது. ஆகவே நேரம்தான் உயிர். மூச்சு நின்றாலும் கருவி வைத்து மூச்சுக் கொடுத்தால், நரம்பு நுனி மறுபடி முளைக்கும் வரை ஆளைக் காப்பாற்றலாம். கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் கொண்டுபோங்கள். கட்டிலில் படுங்கள், கொசுவலை கட்டுங்கள். அந்த ஊசிக்கு வேண்டிய விஷத்தைச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் மக்கள் தங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் பாம்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். சங்கம் 1978-இல் தொடங்கியது. பாம்பு பிடிக்கிற பரம்பரைத் தொழில் இன்று ஊர் உயிரைக் காக்கிறது.

வெறிநாய்க் கடி

கடைசியாக ஒன்று. வெறிநாய்க் கடியின் கிருமி ரத்தத்தில் ஓடி மூளைக்குப் போவதில்லை. கடித்த இடத்து நரம்பிழைக்குள் நுழைந்து, நாளுக்குச் சில சென்டிமீட்டர் என்று மெதுவாக மேலே ஏறுகிறது. கால் கடி என்றால் வழி நீளம். முகத்துக் கடி என்றால் வழி குறைவு. மூளைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அநேகமாகப் பிழைப்பே இல்லை. ஆனால் அந்த நடைவழிதான் நமக்குக் கிடைக்கிற அவகாசம். கடித்தவுடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே ஊசி போடுங்கள்; சொன்ன தேதியில் அத்தனை ஊசியையும் முடியுங்கள்.

குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கியது இந்த நோய்க்காகத்தான். அந்தக் காலத்தில் ஆட்டு மூளையில் கிருமியை வளர்த்து மருந்து செய்தார்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று ஊரே பயந்தது. ஆட்டு மூளை மருந்து நம் நாட்டில் 2004-ஓடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான் ஊசி, நாலைந்து தடவைதான். பழைய பயத்தில் யாரும் ஒளிந்துகொள்ள வேண்டாம்.

பெருமக்களே, பாசியில் ஒட்டிய ஹைட்ராவிலிருந்து கலப்பை பிடிக்கிற கை வரைக்கும் சேதி போகிற முறை ஒன்றுதான். பெருசு சிறுசு என்பது எண்ணிக்கையிலும் கட்டமைப்பிலும்தான். ஆகவே மருந்து டப்பாவின் மூடியைத் திறக்கும்போது, புழுவின் நரம்புக்கு வைத்தது நம் நரம்புக்கும் வைத்தது என்று நினைத்துக்கொண்டு திறங்கள். இந்த மழைக் காலத்தில் உங்கள் புஞ்சை நன்றாக விளையட்டும். மருந்தடித்தவர் நல்லபடியாக வீடு திரும்பட்டும்.